தொலைபேசி வழியே வரும் திருடர்

சென்ற ஐப்பசித் திங்களில் ஆய்வின் பொருட்டு நாம் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். கூலிப் பட்டுவாடாப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அறுபதைக் கடந்த உறுப்பினர் ஒருவர் வாயிற்படியருகே வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே வருமாறு அழைத்தோம், வரவில்லை. சங்கத்தின் எழுத்தர் எழுந்து சென்று மெல்ல விசாரித்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. பதினொரு நாட்களுக்கு முன்பு அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து 38,400 ரூபாய் களவு போயிருந்தது. மகளின் பிரசவச் செலவிற்கென்று இரண்டாண்டுக் காலம் கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது.

களவு நடந்த விதம் வருமாறு. ஒரு முற்பகலில், பாவு பிணைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய கைபேசி ஒலித்தது. பேசியவன் தன்னை வங்கி அலுவலன் என்று சொல்லிக்கொண்டான். பெரியவரின் பெயர், தகப்பனார் பெயர், வங்கிக் கிளை ஆகிய மூன்றையும் பிழையின்றிச் சொன்னான். "உங்கள் கணக்கின் கே.ஒய்.சி. விவரம் காலாவதியாகிவிட்டது, ஐயா. மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் இந்த வாரக் கூலி கணக்கில் ஏறாது" என்றான். பிறகு வாட்ஸ்அப்பில் வங்கியின் சின்னம் பொறித்த ஒரு செயலியை அனுப்பி, அதை அழுத்துமாறு சொன்னான். பெரியவர் அழுத்தினார். திறந்த படிவத்தில் பற்று அட்டையின் எண்ணையும் இரகசிய எண்ணையும் நிரப்பினார். அதற்குப் பின் அவரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. ஒன்பது நிமிஷங்களில் நான்கு தவணையாகப் பணம் வெளியேறிவிட்டது. வங்கி அனுப்பிய ஒருமுறைக் கடவுச்சொற்களை, அதாவது ஓ.டி.பி.க்களை, அந்தச் செயலியே படித்துத் திருடனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"ஏன் ஐயா, பதினொரு நாளாக யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவன் ஒரு பையன் பேச்சில் ஏமாந்தான் என்று தெருவே சிரிக்கும். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை" என்றார்.

பணம் போனதைக் காட்டிலும் இந்தப் பதிலே நம்மை அதிகமாக வருத்திற்று. முதல் ஒரு மணி நேரத்தில் அவர் வாய் திறந்திருந்தால் தொகையில் ஒரு பகுதியேனும் பிடிபட்டிருக்கக் கூடும். பெரியவரின் சம்மதத்தைப் பெற்று, பேரும் ஊரும் விடுத்து, இதனை இங்கே எழுதுகிறோம்.

ஏமாறுவோர் எழுத்தறியாதவர் என்னும் எண்ணம் முதலில் ஒழிய வேண்டும். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பஞ்சாப் மாநிலத்து லூதியானாவில் நடந்ததை, நூலோடு வாழும் நம் நெசவாளர்கள் அறிந்துகொள்வது நலம். நாட்டின் பெரிய நூற்பாலைக் குழுமங்களுள் ஒன்றான வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ். பி. ஓஸ்வால் அப்போது எண்பது வயதைக் கடந்தவர். பத்மபூஷண் விருது பெற்றவர். மத்தியப் புலனாய்வுத் துறையினர் என்று சொல்லிக்கொண்டு காணொளி அழைப்பில் தோன்றிய ஒரு கூட்டத்தார், பணமோசடி வழக்கொன்றில் அவர் பெயர் இருப்பதாக மிரட்டினர். உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒரு நாடகத்தையே திரையில் நடத்திக் காட்டினர். தலைமை நீதிபதியாக ஒருவன் பேசினான். அவரும் 7 கோடி ரூபாயை அனுப்பிவிட்டார். ஆனால் அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. காவல்துறையிடம் சென்றார், பின்னர் பத்திரிகைகளிடமும் பேசினார். 5 கோடியே 25 லட்சம் ரூபாய் மீட்கப்பட்டது. ஆலை அதிபர் பேசினார், தறிக்காரர் பேசவில்லை என்னும் இந்த வேறுபாடு நம் சிந்தனைக்குரியது.

இணையவழி மோசடிகளில் நாட்டு மக்கள் இழந்த தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய் என்றும், 2024இல் 22,845 கோடி ரூபாய் என்றும் உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஓராண்டில் மும்மடங்கு! இவ்வளவு பணத்தையும் எந்தத் திருடனும் பூட்டை உடைத்து எடுக்கவில்லை. பெரும்பாலும் உடையவரே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

பேராசைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. முன்னாளில் வானொலிப் பெட்டி பரிசு விழுந்ததாகக் கடிதம் வரும், வி.பி.பி. பொட்டலத்தைப் பணம் கட்டிப் பிரித்தால் செங்கல் இருக்கும். அது ஆசை காட்டி ஏய்க்கும் வகை. இன்றைய திருடர் ஆசையைக் காட்டிலும் அச்சத்தையே பெரிதும் நம்புகிறார்கள். "இன்றிரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசவும்" என்றொரு செய்தி வருகிறது. விசைத்தறி ஓடும் வீட்டில் அதைப் படித்தவுடன் கை நடுங்காதோ? "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது" என்று காவல் உடையில் ஒருவன் திரையில் தோன்றுகிறான். "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, மனைவி மக்களிடமும் சொல்லக் கூடாது" என்கிறான். டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று தம் வானொலி உரையில் இதனை விளக்கிச் சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. உண்மையான காவல் அதிகாரி எவரும் வாட்ஸ்அப்பில் கைது செய்வதில்லை; கைதுக்குப் பதிலாகப் பணத்தை "சரிபார்ப்புக் கணக்கிற்கு" அனுப்பச் சொல்வதும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது "யாரிடமும் சொல்லாதே" என்ற கட்டளை. வங்கி அலுவலன், காவலன், மகன் படிக்கும் ஊரிலிருந்து அழுகுரலில் பேசுபவன் என்று எந்த வேஷத்தில் வந்தாலும் திருடன் இந்த ஒன்றை விடுவதில்லை. பக்கத்திலிருப்பவர் காதில் விஷயம் விழுந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். மகனின் குரலைப் போலவே பேசும்படி கணினியைக் கொண்டு செய்ய இன்று முடிகிறது. ஆகவே குரலை நம்பிப் பணம் அனுப்புவதற்கு முன், அழைப்பைத் துண்டித்து மகனுடைய பழைய எண்ணிலேயே நாம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இங்கே நம் பக்கத்துக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். "ஆபீசிலிருந்து பேசுகிறேன்" என்றவுடன் எழுந்து நிற்கும் பழக்கத்தை உறுப்பினர்களுக்கு ஊட்டியவர்கள் அலுவலர்களாகிய நாமே. அதைவிடப் பெரிய பிழையும் உண்டு. திட்டப் பதிவு, ஆதார் இணைப்பு, மானிய விண்ணப்பம் என்று ஏதேனும் ஒரு வேலை வரும்போது, சில சங்கங்களின் எழுத்தர்கள் உறுப்பினரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "இப்போது ஒரு நம்பர் வரும், சொல்லுங்கள்" என்று கேட்டு வாங்கிப் பதிவை முடித்துவிடுகிறார்கள். தீய எண்ணம் துளியும் இல்லை. உறுப்பினருக்கு அலைச்சல் மிச்சம் என்பதே அவர்கள் கருத்து. ஆனால் நல்லவர் பத்து முறை கேட்டுப் பழக்கிவிட்டால், பதினோராம் முறை திருடன் கேட்கும்போது உறுப்பினர் எப்படி வேறுபடுத்தி அறிவார்? கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் வழங்கப்பெற்ற காலத்திலும், ஓ.டி.பி. கேட்டு வரும் அழைப்புகளுக்கு இடங்கொடுக்க வேண்டாமென்று எச்சரிக்கை செய்ய வேண்டியிருந்தது. நாம் ஆய்வு செய்யும் சங்கங்களில் இனி இவ்வழக்கம் கூடாது என்று குறிப்பெழுதி வருகிறோம். உறுப்பினர் நேரில் வரட்டும். தம் கையாலேயே எண்ணைப் பதியட்டும். ஒரு நாள் தாமதமானால் குடி முழுகிவிடாது.

பயிர் செய்வோருக்கென்று தனி வலைகள் விரிக்கப்படுகின்றன. ஆண்டிற்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வழங்கும் பிரதமரின் கிசான் திட்டத்தின் பெயரால், 'ஏ.பி.கே.' என்று முடியும் கோப்புகள் விவசாயக் குழுக்களில் சுற்றி வருகின்றன. இவை நம் பெரியவரைக் கெடுத்த செயலியின் உடன்பிறப்புகளே. அறிந்தவர் ஒருவரே அனுப்பியதாகத் தோன்றும். அவருடைய கைபேசி ஏற்கனவே திருடன் வசமாகியிருக்கும். கலியாணப் பத்திரிகை என்ற பெயரிலும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயரிலும்கூட இக்கோப்புகள் வருகின்றன. பத்திரிகை என்றால் படமாக வரும். செயலியாக ஏன் வர வேண்டும்? அழுத்துமுன் பெயரின் கடைசி மூன்று எழுத்தைப் பார்த்தாலே போதும். இதேபோல், "உங்கள் நிலத்தில் செல்பேசிக் கோபுரம் அமைக்கிறோம், பல லட்சம் முன்பணம், மாதந்தோறும் வாடகை, பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள்" என்று முத்திரையிட்ட கடிதம் வருவதுண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அப்படி எந்தச் சான்றும் கொடுப்பதில்லை என்று பலமுறை அறிவித்திருக்கிறது. நிலத்தை வாடகைக்கு எடுப்பவன் நில உடையவரிடமே பணம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

வாட்ஸ்அப்பில் சேலை, வேட்டி, துண்டு விற்கத் தொடங்கியிருக்கும் நெசவாளர் குடும்பங்கள் வேறொரு தந்திரத்தை அறிய வேண்டும். இராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் நூறு துண்டுகளுக்கு ஆர்டர் கொடுப்பான். விலையில் பேரமே பேசமாட்டான். அதுவே முதல் சந்தேகத்திற்கு இடமாக வேண்டும். முன்பணம் அனுப்புவதற்கென்று ஒரு க்யூ.ஆர். கட்டத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்பான். நம்பிக்கை வருவதற்காக முதலில் பத்து ரூபாய் அனுப்பிக் காட்டுவதும் உண்டு. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு எந்த எண்ணையும் போட வேண்டியதில்லை. எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதுமில்லை. பின் எண் கேட்கப்படுகிறதென்றால் பெரும்பாலும் நம் கணக்கிலிருந்து பணம் வெளியேறப் போகிறது என்றே பொருள். இருப்பைப் பார்ப்பதற்கும் அது வேண்டும் என்பது உண்மையே. ஆனால் வரவிற்கு ஒருபோதும் வேண்டாம். இந்த ஒன்றை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வலைகள் அறுந்துபோகும். "மூவாயிரத்துக்குப் பதில் முப்பதாயிரம் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுபவனும் இதே இனத்தான். வந்ததாகக் காட்டும் குறுஞ்செய்தியை அவனே தயாரித்து அனுப்பியிருப்பான். கணக்கைத் திறந்து இருப்பைப் பாராமல் ஒரு காசும் திருப்பக் கூடாது.

இதுவரை சொன்னவை தனி உறுப்பினரைச் சேர்ந்தவை. சங்கத்தின் பணத்திற்கு வரும் ஆபத்து பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே வருகிறது. சென்ற ஆண்டு மற்றொரு சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறோம். வழக்கமாக நூல் அனுப்பும் ஆலையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய பில் எண், நூலின் நம்பர், நிலுவைத் தொகை 4,12,000 ரூபாய் யாவும் சரியாக இருந்தன. "தணிக்கையின் பொருட்டு எங்கள் வங்கிக் கணக்கு மாற்றப்பட்டுள்ளது, இனி இந்தப் புதிய கணக்கிற்கே செலுத்தவும்" என்று மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. செயலாளர் உத்தரவில் கையொப்பமிட்டுவிட்டார். இரண்டாவது கையொப்பம் இட வேண்டிய தலைவர் அயலூரில் ஒரு கலியாணத்திற்குப் போயிருந்தார். காத்திருந்த நேரத்தில், அறுபதாம் நம்பர் நூல் எப்போது வரும் என்று கேட்பதற்காகக் கிடங்குக் காப்பாளர் ஆலைக்குத் தொலைபேசியில் பேசினார். பேச்சோடு பேச்சாகப் புதிய கணக்கைப் பற்றியும் கேட்டார். ஆலைக்காரர்கள் திகைத்துவிட்டார்கள். அப்படியொரு கணக்கே அவர்களுக்கு இல்லை!

பிறகு அந்த முகவரியை உற்றுப் பார்த்தோம். ஆங்கிலத்து 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்னும் இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. சிறிய எழுத்தில் பார்த்தால் எம் போலவே இருக்கும். யாரோ ஒருவன் இரு தரப்பில் ஒன்றின் அஞ்சல் பெட்டிக்குள் முன்பே புகுந்து, பில்களைப் படித்துவிட்டு, தக்க சமயத்தில் இக்கடிதத்தை அனுப்பியிருக்க வேண்டும். சங்கம் தப்பியதை நிர்வாகத் திறமை என்று நாம் எழுதவில்லை. கலியாண வீடு காப்பாற்றியது என்பதே உண்மை.

அச்சங்கம் இப்போது ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. எவர் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தாலும், பழைய பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசி உறுதி செய்து, பேசியவர் பெயரையும் நேரத்தையும் கோப்பில் எழுதிய பின்னரே பணம் அனுப்ப வேண்டும். புதிய கடிதத்தில் கண்ட எண்ணுக்குப் பேசக் கூடாது. அங்கே எடுப்பவன் திருடனாகவே இருப்பான். வங்கிகளின் இணைய முகவரி பற்றியும் ஒன்று அறியத்தக்கது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் முடிவிற்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. வங்கியின் பெயரைச் சொல்லி வேறு வாலுடன் வரும் முகவரியைத் திறக்காதிருப்பதே நன்று.

கணக்கை வாடகைக்குக் கேட்போரும் நம் ஊர்களுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். "பாஸ்புத்தகமும் அட்டையும் சிம்மும் கொடுங்கள், மாதம் ஐயாயிரம் தருகிறோம்" என்பார்கள். தறி ஓடாத மாதத்தில் ஐயாயிரம் பெரிய தொகைதான். ஆனால் பிற ஊரில் ஏமாந்த ஒருவருடைய பணம் அந்தக் கணக்கின் வழியே ஓடும். போலீசார் முதலில் வந்து நிற்பது கணக்கின் சொந்தக்காரர் வீட்டில். அவருடைய கூலியும் மானியமும் அதே கணக்கில் முடங்கிவிடும். வெளிநாட்டில் கணினி வேலை என்று ஆள் சேர்ப்பதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். அவ்வாறு சென்று மியான்மரின் மியாவதிப் பகுதி மோசடிக் கூடங்களில் அடைபட்ட இந்தியர் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். நம்மை ஏய்க்கப் பேசுகிற குரல், சில வேளைகளில், தப்ப வழியின்றி அடியுண்டு பேசுகிற குரலாகவும் இருக்கிறது.

நம் சங்கங்களில் ஒருவர் கையொப்பத்தில் காசோலை செல்வதில்லை. செயலாளர்மேல் ஐயம் கொண்டு வைத்த விதியன்று அது. எவ்வளவு நேர்மையானவரும் ஒரு கணம் தனியே தவறக் கூடும் என்பதால் வைத்தது. அதே விதியை வீட்டிற்குள்ளும் கொண்டு சென்றால் என்ன என்று நாம் உறுப்பினர் கூட்டங்களில் கேட்டு வருகிறோம். அறியாதவர் கேட்டு ஆயிரம் ரூபாய்க்கு மேல் அனுப்புவதாயின், மனைவி, மகள், பக்கத்துத் தறிக்காரர், சங்க எழுத்தர் என்று யாரேனும் ஒருவர் காதில் போட்ட பிறகே அனுப்புவது. ஒரு கூட்டத்தில் ஓர் அம்மையார் எழுந்து, "எங்கள் வீட்டில் கேட்டால் அவருக்குக் கோபம் வருமே" என்றார். சபை சிரித்தது. கணவரும் அங்கேயே இருந்தார், பதில் சொல்லவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டதென்றால், அழுவதற்கு முன் செய்ய வேண்டியது 1930 என்னும் எண்ணுக்குப் பேசுதல். நாடு முழுவதற்கும் உரிய இணையவழிக் குற்ற உதவி எண் அது. போன தொகை, நேரம், வங்கியின் பெயர், குறுஞ்செய்தியில் காணும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். திருடன் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருப்பதில்லை. ஒன்றிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து இருபது என்று பிரித்து ஓட்டிக் கடைசியில் ரொக்கமாக எடுத்துவிடுவான். புகார் பதிவானவுடன் அந்தந்த வங்கிக்குச் செய்தி சென்று, எந்தக் கணக்கில் பணம் இன்னும் நிற்கிறதோ அங்கே அது நிறுத்திவைக்கப்படுகிறது. நிமிஷக் கணக்கில் நடக்கும் ஓட்டம் இது. தொடர்ந்து சைபர்கிரைம்.கவ்.இன் என்னும் அரசு இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும். அறியாதவருக்குச் சங்க எழுத்தரே செய்து கொடுக்கலாம்.

தம் வங்கிக்கும் உடனே சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்டு, அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் விரித்த விதிகளின்படி, இரகசிய எண்ணைத் தாமே கொடுத்து ஏமாந்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டத்தைத் தாமே ஏற்க வேண்டும். தெரிவித்த பின் போகும் பணத்திற்கு வங்கியே பொறுப்பு. அவர்மேல் குற்றமில்லாமல், வெளியார் புகுந்து எடுத்ததாயின், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு நஷ்டமே இல்லை.

நம் பெரியவர் அன்று மாலையே சங்க அலுவலகத்திலிருந்து 1930க்குப் பேசினார். எழுத்தர் பக்கத்தில் அமர்ந்து எண்களைப் படித்துக் கொடுத்தார். நான்கு தவணைகளில் மூன்று ஏற்கனவே ரொக்கமாகிவிட்டன. நான்காவதில் 6,200 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் சிக்கி நிற்கிறது. அதை விடுவிக்கும் முயற்சி நடந்து வருகிறது. பிரசவச் செலவிற்குச் சிக்கன நிதியிலிருந்து முன்பணம் பெற அவர் விண்ணப்பித்தார். சங்கம் அதை அந்த வாரமே வழங்கிற்று. இப்போது அச்சங்கத்தில் கூலிப் பலகைக்குப் பக்கத்தில் 1930 என்று சிவப்புச் சாயத்தால் எழுதி மாட்டியிருக்கிறார்கள். எழுதியவர் அப்பெரியவரே.